தம் கட்டாதே, தம்பி!

கேள்வி: விழித்திரை விலகி அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வைத்தியம் கண்ணுக்குத்தானே? கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஜிம்முக்குப் போனால் என்ன? (இளைஞர், காட்டுப்பள்ளி)

பதில்: பளுவைத் தூக்குவது கைதான் தம்பி, ஆனால் தம் கட்டினால் வேதனை கண்ணுக்கு. மூச்சை அடைத்து முக்கும்போது நெஞ்சில் அழுத்தம் கூடி, தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் தேங்கும். கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும். புண் ஆறுகிற கண்ணுக்கு அது ஆகாது. மருத்துவர் நாள் குறிக்கும்வரை நடைப்பயிற்சி போதும். கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால் விமானப் பயணமும் மலைப் பயணமும் கூடாது. உயரத்தில் அந்த வாயு விரியும்.

கேள்வி: பளுவே வேண்டாம். சிரசாசனம்?

பதில்: அது இன்னும் மோசம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகம் பழகிய 75 பேரைத் தலைகீழாக நிற்கவைத்து அளந்தார்கள். கண் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 2006இல் வெளியான ஆய்வு இது. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் சிரசாசனத்தை அடியோடு விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: மருத்துவர் அனுமதித்துவிட்டார். எத்தனை கிலோவில் தொடங்குவது?

பதில்: வாய்விட்டு ஒன்று, இரண்டு என எண்ணிக்கொண்டே தூக்கக்கூடிய எடையில். எண்ணிக்கை தொண்டையில் நின்றால் எடை அதிகம், குறைத்துவிடுங்கள். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். தலை தாழும் பயிற்சிகள் கடைசியில் வரட்டும்.

கேள்வி: எனக்கு ஜிம் எல்லாம் கடல்தான். வலை இழுக்கலாமா? (மீனவர், பழவேற்காடு)

பதில்: புண் ஆறும்வரை வலையும் வேண்டாம், படகைக் கரையேற்றுவதும் வேண்டாம் ஐயா. ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ கண்ணில் பட்டால் கிருமி தொற்றலாம். ஆறியபின் இழுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஐலசா" என்று குரல் கொடுப்பவரால் தம் கட்ட முடியாது. ஜிம் பயிற்சியாளர் சொல்லும் மூச்சுப் பாடம் உங்கள் கரையில் எப்போதிருந்தோ இருக்கிறது.

கேள்வி: கண்புரை எடுத்திருக்கிறேன். மீன் கூடை சுமந்தால்தான் அடுப்பெரியும்.

பதில்: ஆபத்து, குனிந்து ஒரே மூச்சில் கூடையைத் தூக்குவதில்தான் அம்மா. மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்கு மகனோ மருமகளோ சுமக்கட்டும். பிறகும் பாதிக் கூடையில் தொடங்குங்கள். ஏற்றவும் இறக்கவும் ஒருவர் கைகொடுக்கட்டும்.

கேள்வி: எப்போது பயப்பட வேண்டும்?

பதில்: கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தால், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருள் வந்தால், பார்வை மங்கி வலி எடுத்தால். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். விழித்திரை விலகும்போது வலிக்காது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் கண்களைப் பார்த்துவருகிறது. நாளைய பாட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளாமல், அன்றே கிளம்புங்கள். இழந்த தசையை ஆறு மாதத்தில் மீட்கலாம். இழந்த பார்வையை அப்படி மீட்க முடியாது.