கரடிக்கும் பேர்தான்

எங்கள் காலத்து இங்கிலீஷ் நோட்டில் 'பேர்' என்று எழுதியிருந்தால் அது கரடியாக இருக்கலாம். பேரிக்காயாக இருக்கலாம். ஒரு ஜோடிச் செருப்பாக இருக்கலாம். வெற்றுடம்பு, பொறுத்துக்கொள்வது, பஸ் கட்டணம், சந்தை, நியாயம், சிவப்பு நிறம் என்று எதுவாகவும் இருக்கலாம். இவை எதுவும் பொருந்தவில்லை என்றால், நோட்டுக்குச் சொந்தக்காரனின் பேராகவும் இருக்கலாம்.

இங்கிலீஷ்காரனுக்கே இவ்வளவு வசதி கிடையாது. கரடியும் வெற்றுடம்பும் அவன் வாயில் ஒரே ஒலி. பேரிக்காயும் ஜோடியும் இன்னொரு ஒலி. கட்டணமும் சந்தையும் வேறொன்று. அவன் மூன்றாகப் பிரித்து வைத்திருந்ததை நாங்கள் ஒன்றாக்கினோம். காரணம் எளிது. புத்தகத்தில் இங்கிலீஷ் வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிக்கொள்வோம். தமிழில் 'ப' ஒன்றுதான். எஃப் வரும் இடத்தில் ஆய்த எழுத்தைப் போடும் நாகரிகம் தென்காசிப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளி வரைக்கும் அப்போது வந்து சேரவில்லை. பென்சிலால் எழுதுவது வாத்தியாருக்குத் தெரியாமல் செய்கிற காரியம் என்பது ஏற்பாடு. அவருக்குத் தெரியும் என்பதும் ஏற்பாடுதான்.

இதனால் எங்களிடம் சொற்கள் குறைந்து பொருள்கள் பெருகின. 'பீஸ்' என்றால் பள்ளிக்கூடத்தில் கட்டுவது, கறிக்குழம்பில் தேடுவது, உலகத்துக்கு நேரு விரும்பியது, கூட்டமாக வந்து கொட்டுவது. 'பேன்' தலைக்கு மேலேயும் சுற்றும், தலைக்குள்ளேயும் ஊரும். கடனும் 'டெட்', செத்தவனும் 'டெட்'. மற்றவை எப்படியோ, இந்தக் கடைசி ஜோடியைத் தப்பு என்று சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

செய்யுள் பகுதியில் ரைமிங் வேர்ட்ஸ் எடுத்தெழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். நோகாமல் விழுகிற மார்க். நமக்கு எதுகை வரியின் தலைப்பக்கம், இரண்டாம் எழுத்தில் நிற்கும்; அவனுக்கு வாலில். வாலில் ஒத்துவருவதற்கு நம் இலக்கணத்திலும் இயைபு என்று ஒரு பெயர் இருக்கிறது. தமிழையா அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மோனைக்குத் திரும்பிவிடுவார். ஆகவே இங்கிலீஷ் எதுகையைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே கருவி கண். கடைசி மூன்று எழுத்து ஒன்றாக இருந்தால் எடுத்து எழுது, மார்க் வாங்கு. 'லவ்', 'மூவ்' இரண்டும் கண்ணுக்கு அச்சாகப் பொருந்தும். காதுக்குப் பொருந்தாதே என்று யாரும் வருந்தவில்லை, ஏனென்றால் அந்தச் சொற்கள் யார் காதிலும் விழுந்ததில்லை. இதில் ஒரு வேடிக்கை, பழைய கவிஞர்கள் எழுதிய இப்படிப்பட்ட சில ஜோடிகள் அவர்கள் காலத்தில் காதுக்கும் பொருந்தித்தான் இருந்தன. பிறகு ஒலி நடந்துபோய்விட்டது. எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கிறது.

'பட்', 'புட்' வேறுபாட்டைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, சினிமாவிலும் சொல்லியாயிற்று. எங்கள் வகுப்பில் வெடித்தது வேறு. ஒருவன் எழுந்து, சி-ஓ-எம்-பி 'கோம்பு', டி-ஓ-எம்-பி 'டோம்பு' என்று தாளத்தோடு படித்துக்கொண்டே போய், பி-ஓ-எம்-பி-க்கு 'போம்பு' என்று வரவேண்டியதை, பழக்க தோஷம், 'பாம்பு' என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசி பி சைலண்டுலே. சீப்பு கோம். கல்லறை டூம். குண்டு பாம்."

"மூணும் ஒண்ணு போலத்தான சார் எழுதியிருக்கு?"

"அது அப்படித்தாம்லே. பரீட்சையில நீ எழுதத்தான போற, வாயால சொல்லவா போற?"

இதைவிட நேர்மையான கல்விக் கொள்கையை நான் பிறகு எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

'அது அப்படித்தாம்லே' என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு கிடக்கிறது என்பது வேலைக்குப் போய், நூலகத்தில் உட்கார நேரம் கிடைத்த பிறகுதான் தெரிந்தது. 1476-ல் வில்லியம் கேக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு உறைய ஆரம்பித்தது. வாய் உறையவில்லை. ஏறத்தாழ 1400-லிருந்து 1700 வரைக்கும் இங்கிலீஷின் நெடில் உயிர்கள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டே இருந்தன. 'நேம்' என்கிற சொல்லை அதற்கு முன்னால் கிட்டத்தட்ட 'நாம' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பையன்கள் எழுத்தைப் பார்த்து 'நாமே' என்று படித்து அடி வாங்கினார்கள். கொஞ்சம் பிந்திப் பிறந்த குற்றம். கவிஞர் சாசர் காலத்தில் படித்திருந்தால் பாஸ்.

ஜி-எச் கதையும் இதுதான். ஒரு காலத்தில் தொண்டைக்குள்ளிருந்து காறி எடுத்த உண்மையான ஒலி அது. பிறகு சில சொற்களில் செத்தது, சிலவற்றில் 'ஃப்' என்று மறுபிறவி எடுத்தது. எழுத்து மட்டும் திவசம் கொடுக்கப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஓ-யு-ஜி-எச் என்ற ஒரே வால் 'தோ', 'த்ரூ', 'காஃப்', 'ரஃப்', 'பௌ' என்று இடத்துக்கு ஒரு மாதிரி குரைக்கிறது. கடனில் உள்ள பி இன்னும் மோசம். அதை இங்கிலீஷில் யாரும் எந்தக் காலத்திலும் உச்சரித்ததே இல்லை. பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல் வந்த சொல்லுக்கு, இது லத்தீன் பரம்பரையாக்கும் என்று காட்ட, படித்தவர்கள் பின்னாளில் சொருகியது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதை அவர்கள் சொல்லுக்கு நடுவில் போட்டிருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய ஆள் இல்லாமல் போகவில்லை. 1906-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். காங்கிரஸ் மறுத்தது, பத்திரிகைகள் கேலி செய்தன, உத்தரவு பின்வாங்கிக்கொண்டது. 1950-ல் இறந்த பெர்னார்ட் ஷா, இங்கிலீஷுக்குப் புது எழுத்தே உருவாக்க வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். உருவாக்கினார்கள். 1962-ல் அவருடைய நாடகம் ஒன்றை அந்த எழுத்தில் அச்சிட்டார்கள். அதோடு சரி. உலகை ஆண்டவர்களால் ஒரு பி-யை எடுக்க முடியவில்லை. இங்கேயோ, பெரியார் 1935-லிருந்து 'குடி அரசு' பத்திரிகையில் பயன்படுத்திவந்த சீர்திருத்த எழுத்து, 1978-ல் ஓர் அரசாணையில் எல்லாப் பாடப்புத்தகத்துக்கும் வந்துவிட்டது. தும்பிக்கை தூக்கிய 'லை'யையும் 'னை'யையும் சிலேட்டில் உருட்டி உருட்டிப் பழகிய என் தலைமுறைக்கு அது ஒரு சின்ன இழவு. ஆனாலும் மறுவருஷமே மறந்துவிட்டோம்.

பொருள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் லிப்கோ அகராதி இருந்தது. அதில் 'செட்' என்ற சொல்லுக்கு எதிரே தமிழ் வரிசையாக இறங்கிக்கொண்டே போகும். இது ஒன்றுமே இல்லை. 1989-ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல்லுக்குச் சுமார் 430 பொருள். பிறகு திருத்திய பதிப்பில் 'ரன்' 645 பொருளோடு ஓடி அதை முந்திவிட்டது என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் ஊர் செட்டை அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். வயலில் ஓடுவது மோட்டார் செட். கல்யாணத்தில் அலறுவது மைக் செட். தாத்தா ராத்திரி தம்ளரில் கழற்றி வைப்பது பல் செட். ஓட்டலில் வருவது செட் தோசை. என்னோடு படித்தவன் எங்க செட். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாததும் செட்தான். அது 430-லும் அடங்காது.

இதெல்லாம் அன்று. இன்று நிலைமை சீர்பட்டுவிட்டது.

என் பேரன் சென்னையில் பிறந்தவன். அவனுக்கு நான்கு வயதாகும்போதே அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஃபோனிக்ஸ் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே எழுத்துக்குப் பெயர் சொல்லக் கூடாது, ஒலி சொல்ல வேண்டும். 'கேட், பேட், மேட், ரேட்' எல்லாம் ஒரே குடும்பம். பூனை, வௌவால், பாய், எலி. எங்கள் காலத்தில் கிடைக்காத பாக்கியமாக அந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். கரடிக்குத் தொண்டையை அதிரவிட வேண்டும், பேரிக்காய்க்குக் காற்றை வெடிக்கவிட வேண்டும் என்று முகத்துக்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்து எனக்கே பாடம் எடுத்தான். எனக்குக் காகிதம் அசையவில்லை.

"தாத்தா, கடைசியில ஈ வந்தா அது மேஜிக் ஈ. முன்னால இருக்கிறவனைத் தன் பேரையே சொல்ல வச்சிரும். ஹேட்னா தொப்பி, ஈ போட்டா ஹெய்ட்."

"சரிடா. லவ்வுக்குக் கடைசியில ஈ இருக்கே? கம்முக்கு? கிவ்வுக்கு?"

"அதெல்லாம் ட்ரிக்கி வேர்ட்ஸ். அப்படியே ஞாபகம் வச்சிக்கணும்."

நான் எதுவும் சொல்லவில்லை. விதிக்கு அடங்கியவற்றுக்கு ஃபோனிக்ஸ் என்றும் அடங்காதவற்றுக்கு ட்ரிக்கி என்றும் பெயர் வைத்து இரண்டுக்கும் சேர்த்து வசூலிக்கிறார்கள். எங்கள் வாத்தியார் இரண்டாவதை மனப்பாடம் என்பார், இலவசமாக. 1936-ல் எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கர், அடிக்கடி வருகிற 220 சொற்களைப் பார்த்தவுடன் படிக்கப் பழக்க வேண்டும் என்று பட்டியல் போட்டார். அதில் கணிசமானவை எழுத்துக்கூட்டிப் படித்தால் வழிக்கு வராதவை. அந்தப் பட்டியல் வண்ண அட்டைகளாகி என் பேரனின் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

உழைப்பு வீண் போகவில்லை. பேரன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இங்கிலீஷ் பேசினால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கையில் போன். ஊரில் இருக்கும் எனக்கும் அவன் ஆச்சிக்கும் பாசமாகத் தமிழில் செய்தி அனுப்புவான். தமிழில்தான், இங்கிலீஷ் எழுத்தில்.

ஒருநாள் வந்தது: வி-ஏ-எல்-ஐ, அடுத்து 'தெரியல'. நான் சத்தமாக வாசித்தேன், "வழி தெரியல."

"ஐயோ, பிள்ள எங்க நிக்கானோ!" என்று இவள் பதறி மகனுக்குப் போன் போட்டாள். பையன் எங்கேயும் நிற்கவில்லை. பல் டாக்டரிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான். ஊசி போட்டதால் வலி தெரியவில்லையாம்.

அதிலிருந்து பார்க்கிறேன். பி-ஏ-எல்-எல்-ஐ லீவ் என்று வந்தால் பள்ளிக்கா, பல்லிக்கா? எம்-ஏ-என்-ஏ-எம் போச்சு என்றால் போனது மணமா, மனமா, மானமா? இதில் சிறுவர் பெரியவர் பேதம் இல்லை. வீட்டுக்குப் பின்கட்டு எடுத்தபோது கொத்தனார் காலையில் ஒரு செய்தி அனுப்பினார்: கே-ஏ-எல் இறக்கியாச்சு. கள்ளுக்குத் தடை உள்ள மாநிலத்தில், என் வீட்டு வாசலில். போய்ப் பார்த்தால் ஒரு லோடு செங்கல்.

15-ஆம் நூற்றாண்டில் காளமேகம் மெனக்கெட்டு, பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா, பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பா என்று சிலேடை கட்டினார். இன்று கட்டைவிரல் ஒன்றே போதும். நாங்கள் இங்கிலீஷ்காரனின் மூன்று ஒலியை ஒரு 'ப'வில் அடைத்தோம்; பேரன் ல, ள, ழ மூன்றையும் ஓர் எல்-லில் அடைக்கிறான். கணக்கு நேராகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும், கூடக் குறைய இல்லாமல்.

"ழ-வுக்கு இசட்-எச் போட்டா என்னடா?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துக்கு ரெண்டு கீயா? கான்டெக்ஸ்ட் பாத்துப் படிங்க தாத்தா."

கடைசியில் இவள்தான் வழி கண்டுபிடித்தாள். எழுத்தே வேண்டாம், பேசி அனுப்பு என்று வாய்ஸ் மெசேஜுக்கு மாறினாள். "ராசா, லீவுக்கு வா, வாளப்பளம் தாரு போட்டிருக்கு" என்று நெல்லைத் தமிழில் போனது. "வாலப்பலம் எனக்குப் பிடிக்காது ஆச்சி" என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. 'திங்க்' என்பதற்கு நாக்கை இரண்டு பல்லுக்கும் நடுவில் சரியாக நிறுத்துகிற அதே பையன்.

போன மாதம் எங்கள் ஊரிலேயே ஃபோனிக்ஸ் சென்டர் திறந்தார்கள். இரண்டாவது பேத்தியை லீவில் ஒரு மாதம் சேர்க்கலாமா என்று விசாரிக்கப் போனேன். வரவேற்பில் இருந்த பெண், 44 ஒலிகளையும் நாக்கு, உதடு, பல் எங்கே இருக்க வேண்டும் என்று கண்ணாடி வைத்துச் சொல்லித் தருவோம் என்றாள். அப்படியென்றால் கூடவே ஒரு ழ-வும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? பாப்பா நல்லாத்தான பேசுறா?" என்றாள் அந்தப் பெண் அக்கறையாக. "அப்படிப் பிரச்சினை இருந்தா ஸ்பீச் தெரபிதான் சார் பாக்கணும். அது நம்மகிட்ட இல்ல." பிறகு பீஸ் விவரம் அச்சடித்த தாளை எடுத்துக் கையில் கொடுத்தாள்.