தோற்றவர் ஊரில் இருக்க வேண்டும்

டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகள் ஒவ்வொன்றிலும், நேரடி இடம் பெறுமளவுக்குத் தரவரிசையில் முன்னேறாத 128 ஆண்கள் தகுதிச் சுற்றில் மோதி, அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வெல்லும் 16 பேர் மட்டுமே முதன்மைச் சுற்றுக்குள் நுழைவர் என்பது விதி. ஆயினும் தோற்றவருக்கும் ஒரு புறவாசல் உண்டு என்பதும், அதில் நுழைய ஆட்டத் திறமையைவிட ஊரைவிட்டுக் கிளம்பாத திறமையே பெரிதும் உதவும் என்பதும் 2018ஆம் ஆண்டு மே மாதம் பாரிசில் ஐயமற நிறுவப்பட்டன.

முதன்மைச் சுற்றிலிருந்து எவரேனும் காயத்தால் விலகினால், தகுதிச் சுற்றில் தோற்ற ஒருவர் அவ்விடத்தைப் பெறுவார். அவரை 'லக்கி லூசர்' என்பர். அரியலூர் சென்று ரயில் ஏறும் வேப்பந்தட்டை வாசகருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: இது காத்திருப்போர் பட்டியலேதான், சீட்டு உறுதியாகும் நொடியில் பயணி நடைமேடையில் நின்றாக வேண்டும் என்பது மட்டும் கூடுதல் நிபந்தனை. காயத்தோடு வந்து விலகுபவருக்கும் முதல் சுற்றுப் பரிசில் பாதி உண்டு என்ற விதி அவ்வாண்டு நடைமுறைக்கு வரவே, அதுவரை நொண்டிக்கொண்டேனும் ஆடிப் பணம் பெற்றவர்கள் திடீரென நேர்மையாளராகி விலக, ஆடவர் பிரிவில் லக்கி லூசர்கள் எட்டுப் பேர் ஆயினர்.

ஆஸ்திரேலியாவின் நிக் கிர்கியோஸ் முழங்கை வலியால் விலகியபோது வரிசையில் முன்னால் இருந்தவர் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். அவரோ, தோற்றபின் சும்மா இருப்பானேன் என்று, இத்தாலியின் விசென்சாவில் நடந்த சேலஞ்சர் எனப்படும் கீழ்நிலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டிருந்தார். உழைப்பை ஓயாமல் புகழும் நீதி நூல்கள் இத்தகைய இக்கட்டைப் பற்றி வாய் திறவாதது பெருங்குறையே.

வாய்ப்பு அர்ஜென்டினாவின் மார்கோ ட்ருங்கெல்லிட்டிக்குப் போயிற்று. அவரும் தோற்றதும் பார்சிலோனாவுக்குத் திரும்பியவர்தான். ஆனால் செய்தி கிடைத்ததும், குளித்துக்கொண்டிருந்த 88 வயதுப் பாட்டியைக் கிளப்பி, தாயையும் சகோதரரையும் சேர்த்து வாடகைக் காரில் ஏற்றி, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓட்டி நள்ளிரவை ஒட்டிப் பாரிஸ் சேர்ந்தார். வேப்பந்தட்டையிலிருந்து வடக்கே அவ்வளவு தூரம் ஓட்டினால் ஐதராபாத்தும் பின்தங்கிவிடும். சமயபுரம் போவதற்கே இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டிய பாட்டிமார் நிறைந்த இவ்வட்டாரத்தின் அளவுகோலில், குளியலறைக்கும் காருக்கும் இடையே அந்த மூதாட்டி காட்டிய வேகமே அப்போட்டியின் தலையாய சாதனை. மறுநாள் காலை பேரன் பெர்னார்ட் டாமிக்கை 6-4, 5-7, 6-4, 6-4 என வென்றார்; பாட்டிக்குப் புள்ளிக் கணக்கு தெரியாது என்பதைப் பேரனே பின்னர் உலகுக்கு அறிவித்தார்.

பிரஜ்னேஷ் அதன்பின் எந்தப் பட்டியலையும் நம்பவில்லை போலும்: 2019 ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களையும் தாமே வென்று உள்ளே நுழைந்தார். அவ்வாண்டின் நான்கு பெரும் போட்டிகளிலும் முதன்மைச் சுற்றில் ஆடி, நான்கிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். எனினும் அவை உரிய இடத்தில், முழுப் பரிசுத் தொகையோடு அடைந்த தோல்விகள்.