பாஸ்போர்ட் இல்லாமல் ஆர்மேனியா பார்ப்பது எப்படி?

பாலக்காடு, இடுக்கி எல்லையோரம் குடியிருந்துகொண்டு ஆர்மேனியப் பழமைமேல் ஆசை வைத்தவர்கள், விமான டிக்கெட் விலையை விசாரித்து மனம் நொந்துபோக வேண்டாம். சென்னைவரை போனால் போதும்.

ரயிலேறும் முன், பக்கத்திலிருக்கும் மறையூரில் பழங்கல் பார்க்க ஒரு பயிற்சி. பாறைமேல் பெருங்கற்கால முனியறைகள் நிற்கும். சுற்றிலும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். செத்தவர்களுக்காக எழுப்பியவை. ‘பாண்டவர் தங்கிய வீடு’ என்று கூட வந்தவர் சொன்னால் மறுக்காதீர்கள். கல்லில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, மறையூர் வெல்லம் வாங்கக் கிளம்பிவிடுங்கள். இதில் தேறியவர்கள் ரயிலேறலாம்.

சென்னையில் பாரிமுனை அருகே ஆர்மேனியன் தெரு. 1772இல் கட்டிய தேவாலயம் அங்கே இருக்கிறது. முற்றத்தில் தரையோடு தரையாகக் கல்லறைக் கற்கள், நமக்குப் புரியாத எழுத்தோடு. அவற்றின்மேல் நின்றுகொண்டே “கல்லறையெல்லாம் எங்கேங்க?” என்று காவலாளியிடம் கேளுங்கள். ஹருத்யுன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாரும் இங்கேதான் அடக்கம். உலகின் முதல் ஆர்மேனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794இல் இவர் கையால் சென்னையில் அச்சானது. 18 இதழோடு நின்றது. சிறுபத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அவர் முன்னால் சற்று நிற்கலாம். மற்றவர்களுக்கு மணிக்கூண்டு இருக்கிறது. அதே நூற்றாண்டில், சொந்த நாடு பாரசீகரிடமும் துருக்கியரிடமும் கிடந்தபோது, அதற்கு அரசியல் சட்டம் எழுதி அச்சிட்டதும் சென்னையில் இருந்த ஆர்மேனிய வணிகக் கூட்டம்தான். (இதை உடன் வருபவரிடம் சொல்லாதீர்கள், சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.)

அடுத்து சைதாப்பேட்டை. கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் 1726இல் அடையாற்றின் குறுக்கே சொந்தக் காசில் பாலம் கட்டினார். அது போய், அந்த இடத்தில் இப்போது மறைமலையடிகள் பாலம். நெரிசலில் ஆட்டோ நிற்கும்போது, முதலில் இங்கே பாலம் கட்டியவர் யார் என்று ஓட்டுநரைக் கேட்டுப் பாருங்கள். ‘வெள்ளைக்காரன்’ என்பார். தலையாட்டிவிடுங்கள், மீட்டர் ஓடுகிறது.

கடைசியில் பரங்கிமலை. உச்சிவரை படி வெட்டிக் கொடுத்தவரும் அதே உஸ்கான். பாலத்துக்கும் படிக்கும் பராமரிப்புப் பணம்கூட ஒதுக்கிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆனால் படியேறினால் மூச்சு வாங்கும், சட்டை நனையும். மறுபக்கம் வண்டிப்பாதை இருக்கிறது; ஆட்டோவை மேலேயே விடச் சொல்லுங்கள்.