‘முடியாது’ன்னு சொல்லவும் ஒரு முறை இருக்குலே

ஏலே, அந்தப் போனைச் செத்த கீழ வை. ‘புவிசார் சமநிலை’, ‘வியூகத் தன்னாட்சி’ன்னு காலைல இருந்து என்னத்தையோ ஒப்பிச்சுக்கிட்டுத் திரியுத. போலந்துக்காரன் கதை தெரியுமால உனக்கு? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள ஓடிப்போயிச் சேந்துக்கிட்டு, அதோடயே மல்லுக்கட்டுன கதை. உன் நிபுணர்மாரு அம்பது பக்கம் எழுதுவாவ. நான் வெத்தல மடிக்கதுக்குள்ள சொல்லிருதேன்.

மொதல்ல அவன் குடியிருக்க எடத்தைப் பாரு. மேக்க ஜெர்மனி, கெழக்க ரஷ்யா. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்லுவாவள்லா, அந்த எடம். 1772, 1793, 1795ன்னு மூணு தடவை அக்கம்பக்கத்து ராசாக்கமாரு பங்கு போட்டாவ. 123 வருசம் வரைபடத்துல நாட்டையே காணோம். 1918ல திரும்பி வந்துச்சு. 1939ல ஹிட்லரும் ஸ்டாலினும் மறுபடியும் ரெண்டாக்குனாவ. இம்புட்டு அடி வாங்குனவன் 1999ல நேட்டோவுலயும் 2004ல ஒன்றியத்துலயும் போயி ஒண்டுனதுல என்ன அதிசயம்? 2003 வாக்கெடுப்புல ஓட்டுப் போட்டவள்ல நூத்துக்கு 77 பேரு ‘சேருவோம்’னுதான் சொன்னாவ. சனம் தெளிவாத்தான் இருந்துச்சு. தலைவர்மாருக்குத்தான் மைக்கைக் கண்டா நெலகொள்ளாது.

‘முடியாது’ங்குத வியாதி அந்த ஊருக்குப் பழசுலே. அவங்க பழைய நாடாளுமன்றம் செய்ம்ல ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு ‘ஒத்துக்கிட மாட்டேன்’னு சொன்னாப் போதும், மொத்தக் கூட்டமும் கலைஞ்சுரும். 1652ல சிச்சின்ஸ்கின்னு ஒரு உறுப்பினர் தொடங்கி வச்சாரு. பக்கத்து நாட்டு ராசாவுக்கு அது எம்புட்டு வசதி! படை எதுக்கு, பீரங்கி எதுக்கு? ஒரு உறுப்பினர் மடியில காசைக் கட்டுனாப் போதும்லா? 1791 அரசியல் சட்டத்துல ஒருவழியா அதை ஒழிச்சாவ. நாலே வருசத்துல நாடே போச்சு. வைத்தியர் வந்து சேரும்போது நாடி அடங்கிட்டு.

சரி, இதைப் படிச்சு வளந்த புள்ளைங்க என்ன செஞ்சிருக்கணும்? ஒன்றியத்துல எந்த நாட்டுக்கு எத்தனை ஓட்டுன்னு வகுத்த நீஸ் ஒப்பந்தத்துல ஜெர்மனிக்கு 29 ஓட்டு, போலந்துக்கு 27. ஜெர்மனில எட்டுக் கோடிக்கு மேல சனம். போலந்துல நாலு கோடி தேறாது. கொழுத்த பேரம்தான். 2003ல இதை மாத்தப் போறோம்னு பேச்சு வந்ததும், யான் ரோகிட்டாங்குற அரசியல்வாதி செய்ம்ல நின்னு ‘நீஸ் இல்லாட்டிச் சாவு’ன்னாரு. ஓட்டு எண்ணுததுக்கு எதுக்குலே சாவு?

2007ல இரட்டைப் பிறவிங்க கையில நாடு. லேக் காச்சின்ஸ்கி குடியரசுத் தலைவர், யாரோஸ்லாவ் பிரதமர். சனத்தொகைக்கு வர்க்கமூலம் எடுத்து அதும்படி ஓட்டுக் குடுன்னாவ. நூறு பேருள்ள நாட்டுக்குப் பத்துன்னா, நானூறு பேருள்ள நாட்டுக்கு இருபது. கணக்கு ஒண்ணும் மோசமில்ல. அதோட நிறுத்தலாம்லா? உலகப் போர் மட்டும் நடக்கலைன்னா நாங்க 6 கோடியே 60 லட்சம் பேரு இருப்போம்னு யாரோஸ்லாவ் எடுத்து விட்டாரு. துக்கம் நெசந்தான். துக்கத்தை ஓட்டுப் பட்டியல்ல எழுத முடியுமா? கடைசில என்னாச்சு? வர்க்கமூலமும் வரல, யாரும் சாவவும் இல்ல. பழைய கணக்கு 2014 வரைக்கும் ஓடட்டும்னு தவணை கெடைச்சுது. இந்தத் தவணையைச் சிரிச்ச மொகத்தோடயே கேட்டு வாங்கியிருக்கலாமே?

இப்பக் கேளு, சங்கதி இங்கனதான் இருக்கு. 2008 ஆகஸ்ட்ல ரஷ்யப் படை ஜார்ஜியாவுக்குள்ள எறங்குச்சு. லேக் காச்சின்ஸ்கி நேரா திபிலிசிக்கே போயி, ‘இன்னைக்கு ஜார்ஜியா, நாளைக்கு உக்ரைன், பொறவு பால்டிக் நாடுங்க, அப்புறம் எங்க நாடாவும் இருக்கலாம்’ங்கிற அர்த்தத்துல பேசுனாரு. எம்புட்டுப் பெரிய வார்த்தை! அதே மனுசன் அக்டோபர்ல என்ன செஞ்சாரு? பிரஸ்ஸல்ஸ்ல நடந்த ஒன்றிய மாநாட்டுக்கு நானா நீயான்னு, அப்பப் பிரதமரா இருந்த டொனால்ட் டஸ்க்கோட சண்டை. டஸ்க் அரசாங்க விமானத்தைக் குடுக்க மாட்டேன்னாரு. இவரு வாடகை விமானம் பிடிச்சுப் போயி எறங்குனாரு. யாருக்கு எந்த நாற்காலின்னு உலகமே வேடிக்கை பாத்துச்சு. ரெண்டு மாசம்தாம்லே இடைவெளி! மேக்க உள்ளவனும் யோக்கியமில்ல. ரஷ்யாவுல இருந்து குழாய்ல சல்லிசா கேஸ் வருதுன்னு காதைப் பொத்திக்கிட்டான். ஆனா அவன் பொத்திக்கிடதுக்கு இவங்களும் சாக்குக் குடுத்தாவளா இல்லையா? 2022ல உக்ரைன்ல குண்டு விழுந்த பொறவுதான் திபிலிசிப் பேச்சை எடுத்துத் தூசி தட்டுதாவ.

2017 இன்னும் வேடிக்கை. ஒன்றியத் தலைவர்மாரு கூடுத ஐரோப்பிய மன்றத்துக்கு அதே டஸ்க்கை மறுபடி தலைவராப் போடணுமான்னு கேட்டா, சொந்த நாடே வேண்டாம்னு கையைத் தூக்குச்சு. 27க்கு 1. கோவத்துல பிரதமர் பெயாட்டா ஷிட்வோ மாநாட்டு முடிவுகளுக்கு ஒப்புதல் தர மாட்டேன்னாவ. உடனே அதை மன்றத் தலைவர் பேர்ல வெளியிட்டாவ. அந்தத் தலைவர் யாரு? டஸ்க்குதான்! திரும்பி வந்த அம்மாவுக்கு விமான நிலையத்துல பூங்கொத்து வேற. தோத்ததுக்கு வரவேற்பா, தனியா நின்னதுக்கு வரவேற்பா?

இப்பத் திருந்திட்டாவளான்னு கேக்கியா? 2024ல அம்பதுக்கு மேல தூதர்களை மாத்தப் போறோம்னு வெளியுறவு அமைச்சர் சிக்கோர்ஸ்கி சொன்னாரு. கையெழுத்துப் போட மாட்டேன்னு குடியரசுத் தலைவர் டூடா முறுக்கிக்கிட்டாரு. பக்கத்து வீட்டுல போர் நடக்கு. இவங்களுக்குப் பேனாச் சண்டை.

சின்ன நாட்டுக்காரன் ‘முடியாது’ன்னு சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லலலே. கட்டாயம் சொல்லணும். ரஷ்யா விசயத்துல போலந்துக்காரன் சொன்னதுதான் சரின்னு ஊரே இப்ப ஒத்துக்கிடுதுலா? ஆனா அது கைமுதல் மாதிரி. நாற்காலிக்கும் விமானத்துக்கும் செலவழிச்சுட்டா, உசுரு போற நேரத்துல மடியைத் தடவுனா ஒண்ணும் இருக்காது. வீட்டுக்குள்ள ஆயிரம் அடிச்சுக்கோ, வாசல் தாண்டும்போது ஒரே வாயாப் போ. கையைத் தூக்குததுக்கு முன்னால கூட எத்தனை கை எந்திரிக்கும்னு எண்ணிப் பாரு. ஒண்ணுதான்னு தெரிஞ்சா, பேசாம ஒக்காந்து பக்கத்துல இருக்கவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுலே. ரெண்டாவது கை அங்கனதான் கெடைக்கும்.