கார்த்திகையில கோவளம் போ

இன்னா தம்பி, ஞாயித்துக்கிழமை கோவளம் போறியாமே? போ, போ. ஈசிஆர்ல வரிசை கட்டி நிக்கிற வண்டிங்களை நல்லா வேடிக்கை பாத்துட்டு, பொழுது சாஞ்சதும் திரும்பி வந்துடு. கடலு எங்க போயிடப் போவுது?

கெழவன் சொல்றேன், கேளு. கோவளத்துக்குக் கார்த்திகை மாசம் போவணும். அதுவும் செவ்வா, புதன்ல. நம்ம பள்ளிக்கரணை சதுப்புநிலத் தண்ணி அப்படித்தான் போவுது. ஒக்கியம் மடுவுல எறங்கி, பக்கிங்காம் கால்வாயைப் புடிச்சி, முட்டுக்காட்டைத் தாண்டி கோவளத்துல கடலைச் சேருது. டோல்கேட்டு கெடையாது, ஹார்ன் சத்தம் கெடையாது. வழியில நீங்க அடுக்குமாடி கட்டி மறிச்சதால, பெருமழையில உங்க கார் நிறுத்தற எடத்துல ரெண்டு நாள் தங்கிட்டுப் போவுது. விருந்தாளியைத் திட்டக்கூடாது.

கோடையில அந்த முகத்துவாரத்தை மணல் அடைச்சிக்கும். மழைத்தண்ணி வந்து முட்டினாத்தான் ஒடையும். அந்தச் சமயத்துல நானும் என் சோட்டு ஆளுங்களும் டவுன் பஸ் ஏறிப் போவோம். இடுப்பளவு தண்ணியில ஒருத்தன் வீச்சுவலையோட ஓரத்தைப் பல்லுல கடிச்சிக்கினு, ஒடம்பை ஒரு திருப்பு திருப்பி வீசுவான் பாரு, வலை குடை விரிஞ்சாப்புல விழும். இழுத்தா உள்ள மடவை துள்ளும். வாங்க ஆளிருக்காது, அதனால வெலையும் நம்ம பேச்சைக் கேக்கும். கரையில குந்தினு, கால் கட்டைவெரல்ல நூலை மாட்டி வலை பின்றவரு டீ வாங்கிக் குடுத்தா ஊர்க்கதை அத்தனையும் சொல்வாரு. ஞாயித்துக்கிழமை அவரு உன் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாரு.

நவாபு காலத்துக் கோட்டை ஒண்ணு அங்க இருந்துது. 1752ல கிளைவு வந்து புடிச்சான், அப்பறம் இடிச்சித் தள்ளிட்டாங்க. இப்ப அந்த எடத்துல பெரிய ஓட்டலு. அவன் பீரங்கி வெச்சி உள்ள போனான், நீ கிரெடிட் கார்டு வெச்சிப் போற.

சுத்தமான கரைன்னு 2021ல நீலக்கொடி குடுத்தாங்க. நீ சிப்ஸ் பாக்கெட்டோட எறங்குறதைப் பாத்தா அந்தக் கொடியே பயப்படும்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்ல தம்பி: மழைக்காலத்துக் கடல்ல எறங்காதே, முகத்துவாரத்துப் பக்கம் கால்கூட வைக்காதே, இழுத்துடும். புயல் கூண்டு ஏத்தியிருந்தா வீட்டுல கெட.

மத்த நாள்ல கெளம்பறதுன்னா எனக்கு ஒரு கொரல் குடு. மடவையை நான் பாத்துப் பொறுக்கறேன், காசை நீ குடுத்துடு.