டாட் பிடித்தால் டாப்ஸ் பொருந்துமா?

கேள்வி: ரெடிமேட் டாப்ஸ் தோளில் சரியாக இருக்கிறது. அக்குளருகே மட்டும் தொளதொளவென்று மடிகிறது. டாட் பிடித்தால் சரியாகுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: பெரும்பாலும் ஆகும். துணி தட்டை, உடம்பு தட்டையல்ல. தையல்காரரின் தலைவலி மொத்தமும் இதுதான். துணியை ஆப்பு வடிவில் மடித்து, முனை கூராக முடியும்படி தைத்தால் அங்கே ஒரு குவிவு பிறக்கும்; இந்த மடிப்புத் தையல்தான் டாட். துறைமுக ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்? பாய்மரக் கப்பலின் பாய்க்கும் துண்டுகளின் ஓரத்தை வளைத்து வெட்டித் தைத்துத்தான் வயிறு வைப்பார்கள்.

சேலை ஜாக்கெட்டுக்கு இடுப்பு, கொக்கிப் பட்டி, அக்குள், பக்கத் தையல் என்று நாலு டாட் கேட்டு வாங்குகிறவர்களே, டாப்ஸில் ஒன்றுகூட இல்லாததை மன்னித்துவிடுகிறார்கள்! ரெடிமேட்காரரையும் முழுதாகத் திட்ட முடியாது. ஒரே சைஸ்காரர்கள் இருவருக்கு மார்பின் உச்சி ஒரே உயரத்தில் இருப்பதில்லை. இடம் தவறிய டாட், இல்லாத டாட்டைவிட மோசம்.

திருப்பூர் பனியன் துணிக்கு இந்த வம்பே வேண்டாம். இழுபட்டு அதுவே வழிவிடும். நெய்த காட்டனுக்கும் லினனுக்கும்தான் டாட் தேவை. நூலுக்கா பஞ்சம்? 1908-இல் வ.உ.சி. வேலைநிறுத்தத்தை நடத்திய கோரல் நூற்பு மில்லின் ஊராயிற்றே உங்களுடையது!

வாங்கிய டாப்ஸில் பக்க டாட் வைத்தால் முன்பக்க ஓரம் அந்த அளவு குட்டையாகும், கீழ் மடிப்பையும் பிரித்துச் சீராக்க வேண்டும். தோளிலிருந்து உச்சிவரை அளந்து, டாட்டின் முனை அதற்குச் சுமார் ஓர் அங்குலம் முன்பே நிற்கும்படி தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள்.