மூத்தவர்களோடு போன படகு

கேள்வி: காலம் போகப் போக மனிதப் பண்பாடு சிக்கலாகிக்கொண்டேதான் இருக்குமா? எளிமைக்குத் திரும்ப வழியே இல்லையா?

பதில்: வழி உண்டு. ஆனால் யாரும் விரும்பிப் போகிற வழியல்ல.

கிரீன்லாந்தின் வடமேற்குக் கோடியில் வாழ்ந்த இனுயிட் குழு ஒன்றை 1820களில் கொள்ளைநோய் தாக்கியது. மூத்தவர்கள் பலர் இறந்தார்கள். அவர்களோடு கயாக் படகும், வில்லும் அம்பும், மீன் குத்தும் ஈட்டியும் செய்கிற வித்தை போயிற்று. பனிவீட்டில் குளிரைத் தடுக்கும் நீண்ட நுழைவுப் பாதையைக் கட்டத் தெரிந்தவர்கூட மிஞ்சவில்லை. தேவை வந்தால் புத்தி தானே வரும் என்பார்களே? கண்ணெதிரே கலைமான் ஓடியது. தேவை இருந்தது, புத்திக்கும் குறைவில்லை, வில்தான் வரவில்லை. சுமார் நாற்பது ஆண்டுகள் இதே கதைதான். 1860களில் பாஃபின் தீவுப் பக்கமிருந்து வந்த வேறு இனுயிட்டுகள் சொல்லிக்கொடுத்த பிறகே கயாக் மறுபடி தண்ணீரில் இறங்கியது.

மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக் 2004இல், இதேபோல் கருவிகளை இழந்த டாஸ்மேனியாவை வைத்து இதற்கொரு கணக்குப் போட்டார். சீடர்களில் பெரும்பாலோர் குருவைவிட ஒரு மாற்றுக் குறைவு. கூட்டம் பெரிதானால் எவராவது ஒருவர் குருவை மிஞ்சுவார், மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார்கள். கூட்டம் சிறுத்தால் அந்த ஒருவர் கிடைப்பதே அரிது.

இல்லை, கருவிகளைத் தீர்மானிப்பது சூழலும் பிழைப்பின் ஆபத்துமே என்று சண்டை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஓசியானியத் தீவுச் சமூகங்களின் மீன்பிடி கருவிகளை மிஷெல் கிளைனும் ராபர்ட் பாய்டும் ஒப்பிட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் பெருத்த இடத்தில்தான் கருவி வகைகளும் பெருத்திருந்தன.